ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்

லாரிஸா ஊருக்குத் திரும்பிய செய்தி பத்திரிகையில் ஒரே வரியில் வந்தது. 'வாசில் ஹாலுக்கின் மகள் லாரிஸா டொராண்டோவிலிருந்து வந்து தந்தையுடன் தங்கியிருக்கிறார்.' எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. அதனால் உக்ரேனியர் குடியேறிய லிசோவா ஊரில் எல்லோரும் அதை அவளிடமே கேட்டார்கள். தபாலாபீஸில் கேட்டார்கள், கோதுமை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் லாரியை நிறுத்திக் கேட்டார்கள், பூசை முடிந்து சர்ச் படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவள் "பார்க்கலாம்" என்றாள். லிசோவா இருக்கிற சஸ்காச்சவான் மாகாணத்தில் மழையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அந்தப் பதிலுக்கு மரியாதை உண்டு.

"எழுதறதுக்காக வந்திருக்கேன், யெவ்கா அத்தை" என்று ஒருநாள் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"ஏன்டி, டொராண்டோவுல பேப்பர் கிடைக்கலையா?" என்றாள் யெவ்கா.

யெவ்காவின் வீடு அடுத்த பண்ணையில் இருந்தது. வாய் எல்லாப் பண்ணையிலும் இருந்தது.

டொராண்டோவில் பத்து வருஷம் இருந்து லாரிஸா ஒரு நாவல் எழுதினாள். பகலில் ஒரு புத்தகக் கடையில் பெட்டி பிரிக்கிற வேலை. அந்த நாவலைப் பதிப்பகங்கள் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பின. கடையும் மூடிவிட்டது. அங்கே இருந்தபோது வயல்வெளியில் அடிக்கும் காற்றுக்காக ஏங்கினாள். இங்கே வந்து படுத்த முதல் வாரமே தெருவில் ட்ராம் வண்டி திரும்பும் சத்தத்துக்காக ஏங்கினாள். எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்துக்கு ஏங்குகிற மனசு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் அத்தியாயத்தைப் புதிதாகத் தொடங்கினாள். மாடி அறையில் தொடங்கியபோது அப்பா கீழே டிராக்டர் பம்பைச் சமையல் மேசைமேல் வைத்துத் தட்டினார். அறுவடைக்கு வரும் ஆட்கள் படுக்கிற தானியக் கொட்டகைக்கு மேசையை இழுத்துக்கொண்டு போனாள். எலி வந்தது. திரும்பவும் சமையலறைக்கே வந்தாள். அங்கே போன் இருந்தது.

"லாரிஸா, சும்மாதானே இருக்கே? எனக்கு யார்க்டன்ல கண் டாக்டரைப் பார்க்கணும். வண்டி ஓட்டறியா?"

"லாரிஸா, நீ சும்மாதானே இருக்கேன்னு உங்கப்பா சொன்னார். பீட்ரூட் பறிக்க ஒரு கை குறையுது."

இப்படிச் சும்மா இருந்தே அவள் முதுகு ஒடிந்தது. அந்தச் சமயத்தில்தான் லிசோவா ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்த ஹனியா கிழவி வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, யார்க்டனில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்னப் பத்தி உண்டு. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். பத்திரிகைக்கார அம்மாள் லாரிஸாவுக்குப் போன் செய்தாள்.

"நீங்க எழுத்தாளராமே. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள போன்ல படிச்சுச் சொன்னாப் போதும்."

எழுத்தாளர் என்று ஒருவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காகவே லாரிஸா ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்வார்கள். "எழுதிக்கோ. ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்கு என் மச்சினன் குடும்பத்தோட வந்திருந்தான்." இவள் எழுதிக்கொள்வாள். விருந்தாளி வந்த வீட்டுக்காரர்தான் போன் செய்ய வேண்டும். மற்றவர் வீட்டு விருந்தாளியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் ஹனியா போட மாட்டாள். இதை யாரும் லாரிஸாவுக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அறுவடை முடிகிற வாரம். எல்லோரும் வயலில் கிடந்தார்கள், ஒருவரும் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. பத்தியில் இடம் மிச்சம் இருந்தது. லாரிஸா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அப்பாவின் வீட்டுக்கு மட்டும் ஒருத்தி வந்திருந்தாள். ஞாயிறுதோறும் வருகிறவள்தான், கிழக்கே மூன்று மைல் தள்ளி இருக்கிற ஸ்டெஃபா கோவல். அவள் கணவன் இறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. லாரிஸாவின் அம்மா போய் நான்கு வருஷம். ஸ்டெஃபா ஒரு பாட்டில் வெள்ளரி ஊறுகாயோடு வருவாள். அப்பா சுத்தமான சட்டை போட்டு, மேசை விரிப்பைத் துடைத்து, கடையில் வாங்கிய கசகசா ரொட்டியை வெட்டி வைத்திருப்பார். இருவரும் சீட்டாடுவார்கள். ரேடியோவில் போல்கா நடனப் பாட்டு ஓடும். மணிக்கணக்கில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவள் கார் கிளம்பிப் போன பிறகும் அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நிற்பார்.

லாரிஸா எழுதினாள். 'ஞாயிற்றுக்கிழமை வாசில் ஹாலுக் வீட்டுக்கு ஸ்டெஃபா கோவல் வந்திருந்தார்.' உண்மை, சுருக்கம், வேண்டாத ஒரு சொல் இல்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்திரிகை புதன்கிழமை வந்தது. அடுத்த நாள் காலையில், அறுவடை விருந்துக்காக ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஊர்ப் பொது ஹாலின் அடித்தளத்தில் பெரோகி பிடிக்கக் கூடினார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து, மாவு வட்டத்தை மடித்து, கொழுக்கட்டைபோல ஓரத்தை விரலால் நெருக்கி மூடுகிற வேலை. விருந்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். நீள மேசையில் அம்மாவின் இடத்தில் லாரிஸாவை உட்கார வைத்தார்கள். அவள் பிடித்தது எல்லாம் வாயைப் பிளந்தது.

"இதைக் கொதிக்கிற தண்ணியில போட்டா கஞ்சிதான்" என்று யெவ்கா அவள் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "நீ செய்தியே எழுதுடி. அது உனக்கு நல்லா வருது."

மேசையில் ஒரு சிரிப்பு ஓடியது. லாரிஸாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

"ஸ்டெஃபா" என்றாள் யெவ்கா, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "கல்யாண ரொட்டி யார் சுடறது? நானா, மார்த்தாவா? இப்பவே சொல்லிடு. முட்டை சேர்த்து வைக்கணும்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்றாள் ஸ்டெஃபா. ஆனால் அவள் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. அது கோபத்தில் வந்த சிவப்பாகத் தெரியவில்லை.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? பேப்பர்ல வந்திருக்கே. வாசிலாவது, போனைத் தூக்கிப் பேசறதாவது! அந்த ஆளு டெலிபோனைக் கண்டாலே தொப்பியைக் கழட்டுவான். அவனே போன் பண்ணி உன் பேரைச் சொல்லியிருக்கான்னா, இனி பாதிரியார்கிட்ட தேதி கேக்க வேண்டியதுதான் பாக்கி."

எதிரே உட்கார்ந்திருந்த மார்த்தா சிரிக்கவில்லை. அவள் ஸ்டெஃபாவின் செத்துப்போன கணவனுக்கு அக்கா. "என் தம்பி போய் முழுசா ரெண்டு வருஷம் ஆகலை" என்று மாவிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

தன் வரியை ஊர் எப்படிப் படித்திருக்கிறது என்று லாரிஸாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டெஃபாவை இந்தப் பேச்சிலிருந்து எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாள்.

"ஐயோ, அத்தை, அப்பா ஒண்ணும் போன் பண்ணலை! இடம் மிச்சமா இருந்துச்சு, நானாத்தான் எழுதினேன். அப்பாவுக்கு எதுவுமே தெரியாது."

மேசையில் சிரிப்பு நின்றது.  யெவ்காகூட ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமான தண்டனை.

ஸ்டெஃபா கையிலிருந்த பெரோகியை ஓரம் பிசகாமல் பிடித்துத் தட்டில் வைத்தாள். எழுந்து முன்துணியை அவிழ்த்தாள். "மாவு காயுது. ஈரத்துணி போட்டு மூடி வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

லாரிஸா பின்னாலேயே ஓடினாள். வெளியே வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டெஃபா தன் பச்சைக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"அத்தை, மன்னிச்சுக்கோங்க. உங்களைப் பத்தி எழுதினது தப்பு."

"எழுதினது தப்பில்லை. இப்ப கீழ சொன்னியே, அதுதான்."

"நான் உங்களுக்காகத்தான்..."

"கேளு. பேப்பர்ல பார்த்ததும் ஊர்ல எல்லாரும் வாசில் சொன்னார்னு நினைச்சாங்க. ஒரு மனுஷன் என் பேரைச் சொல்லியிருக்கார். அது எனக்கு ஒரு மரியாதை. கேலி பண்ணுவாங்க, மார்த்தா நாலு நாள் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவா, போகட்டும். இப்ப என்ன ஆச்சு? அவர் ஒண்ணும் சொல்லலை. நான்தான் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிட்டு ஞாயிறு தவறாம அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கறேன்."



ஸ்டெஃபா காரில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. "நேத்து பேப்பரைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள். "அவர்தான் சொல்லியிருக்கார்னு. கோழிக்குத் தீனி போடறேன், எனக்கே சிரிப்பு வருது. அறுபத்தி மூணு வயசுல, கோழிக்கூட்டுக்குள்ள நின்னு சிரிச்சேன். அதை உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லாதே."

கார் போய்விட்டது. லாரிஸா காற்றில் நின்று அழுதாள். பத்து வருஷமாக வாசகருக்காக ஏங்கியவள். ஏழே வார்த்தை உள்ள ஒரு வரியை ஒருத்தி இப்படிப் படித்திருக்கிறாள், அதில் ஒரு நாள் முழுக்க வாழ்ந்திருக்கிறாள். அதை இவளே பிடுங்கிவிட்டாள்.

சொல்லாதே என்று ஸ்டெஃபா சொன்னாள். லாரிஸா அன்று சாப்பாட்டு நேரத்திலேயே சொன்னாள்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "கோழிக்கூட்டுக்குள்ளயா?"

"ஆமாம்."

"சிரிச்சேன்னா சொன்னா?"

"ஆமாம்பா. நீங்க போய் அவங்களைப் பாருங்க."

"பார்த்து?"

"பேசுங்க."

"என்னன்னு பேச?" அவர் பீட்ரூட் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தார், சாப்பிடவில்லை. "உங்கம்மாகிட்டயே நான் கேட்டதில்லை, புள்ள. எங்கப்பாதான் போய்க் கேட்டார். நான் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னேன்."

"இப்ப குதிரையும் இல்லை, தாத்தாவும் இல்லை."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெஃபா வரவில்லை. அப்பா சவரம் செய்துகொண்டு, மேசையைத் துடைத்து, காபி போட்டு வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சீட்டுக்கட்டைக் கலைத்தார், அடுக்கினார். லாரிஸா தானும் ஆட வரட்டுமா என்று கேட்டாள். "உனக்கு எழுத வேண்டியது இருக்கும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. அறுவடை விருந்தில் ஸ்டெஃபா சமையல் பக்கமே இருந்துவிட்டாள், பரிமாற வரவில்லை. அப்பா மூன்று தடவை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். மூன்று தடவையும் யெவ்காதான் பரிமாறினாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே சட்டை, அதே காபி, ஆளில்லாத சாலை. தெற்கே போகிற பனிவாத்துகள் வானம் நிறையக் கத்திக்கொண்டு போயின. அப்பா அந்தச் சத்தத்துக்கும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில், கோதுமை வாங்கிச் சேர்க்கிற தானிய எலிவேட்டர் கிடங்குக்குப் போய்வருகிறேன் என்று அப்பா லாரியை எடுத்துக்கொண்டு போனார். ஏற்ற வேண்டிய கோதுமை எல்லாம் ஏற்றியாகிவிட்டதே என்று லாரிஸா நினைத்தாள். பிறகு போன் வரத் தொடங்கியதில் அதை மறந்துவிட்டாள். ஒருவர் வீட்டில் வின்னிபெக்கிலிருந்து விருந்தாளி. ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி மணி அடித்தது.

"ஹலோ. செய்தி எழுதறவங்க வீடுங்களா?"

பின்னால் எலிவேட்டர் விசிறியின் இரைச்சல் கேட்டது.

"அப்பா?"

"ஒரு செய்தி சொல்லணும். எழுதிக்கறீங்களா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"வாசில் ஹாலுக் வீட்டுச் செய்தி."

"யார் வந்திருந்தாங்க?"

 அப்பா இருமினார். யாரிடமோ "கொஞ்சம் வெளிய இருப்பா" என்று சொன்னார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரும் வரலை. அதைத்தான் போடணும். ஞாயிற்றுக்கிழமை வாசில் ஹாலுக் வீட்டுக்கு யாரும் வரலை. அதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் வரலை."

லாரிஸா எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. "வேற ஏதாவதுங்களா?"

"காபி போட்டு வெச்சிருந்தார்னு போடு."

போனை வைத்துவிட்டார்.

அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கை அரித்தது. 'தனிமையில்' என்று ஒரு சொல் சேர்க்கலாம், 'சாலையைப் பார்த்தபடி' என்று சேர்க்கலாம். நாவலில் என்றால் இரண்டு பக்கம் எழுதியிருப்பாள், பதிப்பகமும் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கும். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பத்திரிகைக்குப் படித்துச் சொன்னாள்.

"யாரும் வரலைங்கறது ஒரு செய்தியாம்மா?" என்றாள் பத்திரிகைக்கார அம்மாள்.

"ஆமாங்க. வீட்டுக்காரரே போன் பண்ணிச் சொன்னது."

அப்பா திரும்பி வந்தபோது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விலை என்ன சொல்கிறார்கள் என்று அவள் கேட்டாள். விலை ஒன்றும் சரியில்லை என்றார்.

செய்தி புதன்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதலில் யெவ்காவின் கார் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் போய், கடைசியில் வந்தவர்கள் தீவனப் புல் பக்கம் நிறுத்தினார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் இரக்கத்தில் வந்தவர்கள். மீதிப்பேர் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள். இரண்டு வகையும் கை நிறையச் சாப்பாடு கொண்டுவந்தது. விருந்தில் மிஞ்சிய பெரோகி, முட்டைக்கோசில் சுருட்டிய சோறு, பூண்டு போட்ட இறைச்சித் துண்டு.

"பாவம், காபி போட்டு வெச்சிருந்தாராமே!" என்று யெவ்கா தானே அலமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்தாள். "எங்க, ஊத்து வாசில்."

"வாங்க, உட்காருங்க" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். வெளுத்த சட்டையும், சவரக் கத்தி கீறிய கன்னமுமாக ஜன்னலோரம் நின்றார். எல்லோருக்கும் காபி ஊற்றினார். கண் மட்டும் அவர்கள் தலைக்கு மேலே சாலையில் இருந்தது. வீடு கொள்ளாமல் ஆள் இருந்தும் அவர் தனியாக நின்றார். லாரிஸாவுக்கு எல்லோரையும் பிடித்து வெளியே தள்ளவேண்டும்போல இருந்தது.

சாலை முனையில் பச்சைக் கார் தெரிந்தது.

அது மெதுவாக வந்தது. வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் இத்தனை கார்களும் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

அப்பா காபிக் கெண்டியை யெவ்காவின் கையில் கொடுத்தார். கொடுத்தாரா போட்டாரா என்று சொல்வது கடினம். கோட்டு இல்லை, தொப்பி இல்லை, அந்தக் குளிரில் சட்டையோடு இறங்கி, வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி லாரிஸா பார்த்ததே இல்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கண்ணாடியில் தட்டினார். குனிந்து ஏதோ சொன்னார். பிறகு சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். பச்சைக் கார் கிழக்கே திரும்பிப் போயே போய்விட்டது.

ஜன்னலை மொய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன்டி, விருந்தாளிங்க நாம இங்க இருக்கோம். வீட்டுக்காரன் எங்க போறான்?" என்றாள் யெவ்கா.

"தெரியலை, அத்தை. நீங்க சாப்பிடுங்க."

"கோட்டுகூடப் போடாமப் போறான் பாரு." யெவ்கா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "கிறுக்கன். அவ காரு ஹீட்டர் வேற சரியா வேலை செய்யாது."

மார்த்தாவும் வந்திருந்தாள்.  வாசில் மாட்டியிருந்த கோட்டை ஆணியிலிருந்து எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். "யாராவது கொண்டுபோய்க் கொடுக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று யெவ்கா சொன்னாள். மார்த்தா சரியென்று உட்கார்ந்து ஒரு பெரோகி எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. லாரிஸா மட்டும் சமையலறையில் இருந்தாள். தனக்காக ஒருவன் கோட்டில்லாமல் ஓடிவந்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு வலித்தது. வலித்தாலும் அப்பாவுக்காகச் சந்தோஷமாக இருந்தது. 

பச்சைக் கார் வாசலில் அப்பாவை இறக்கிவிட்டுப் போயிற்று. ஸ்டெஃபாவின் கணவனுடைய பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். சட்டைக் கை அவருக்கு முழங்கைவரைதான் வந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்றார்.

"போயிட்டாங்க. என்னப்பா கேட்டீங்க?"

"கேட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

"அத்தை என்ன சொன்னாங்க?"

அப்பா உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். நிதானமாக இரண்டு காலையும் அவிழ்த்தார்.

"இனிமே இங்க வரமாட்டாளாம்" என்றார்.

லாரிஸா அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் அங்க போகணுமாம்." அப்பா குனிந்தே இருந்தார். காது சிவந்திருந்தது. "மறுநாள் திங்கட்கிழமை அவளே உனக்குப் போன் பண்ணுவாளாம். யார் வந்திருந்தாங்கன்னு அவளே சொல்லுவாளாம்."